ஹோதோர்ன் வீட்டுச் சுடுநீர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கண்டால் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். பழைய வீட்டுக்கு எந்தச் சுடுநீர்த் தாங்கி நல்லது, எரிவாயுவா, மின்சாரமா, கூரைமேல் வைக்கிற சூரிய வெப்பத் தாங்கியா? வீட்டில் எத்தனை பேர், எத்தனை குளியலறை, தெருவில் எரிவாயுக் குழாய் போகிறதா என்று கேட்டு விடை சொல்ல இப்போது அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அந்த அட்டவணைகளுக்குள் அடங்காத ஒரு வீட்டைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. உலகம் முழுவதும் எண்ணெய் விலை எகிறியிருந்த நேரம். மெல்பேர்னின் பழைய செங்கல் வீடுகள் பலவற்றில் நிலவறைக்குள் எண்ணெயில் எரியும் ஒரு பெரிய கொதிகலன், பொயிலர் என்போம், இருக்கும். குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்குவது அதன் வேலை. அதன் வயிற்றுக்குள்ளே ஒரு செப்புச் சுருள் ஓடும். குழாய்த் தண்ணீர் அந்தச் சுருளுக்குள்ளால் போய்ச் சூடாகிக் குளியலறைக்கு வரும். குளிர்காலத்தில் இது நல்ல ஏற்பாடு. கோடையில் ஒருவர் முகம் கழுவுவதற்காகக்கூட அந்தப் பூதம் நாள் முழுக்க எரிய வேண்டும். எண்ணெய் மலிவாக இருந்தவரை யாரும் இதை யோசிக்கவில்லை. விலை ஏறியதும் எல்லோரும் ஒரே சமயத்தில் யோசித்தார்கள், எங்கள் தொலைபேசி ஓயவில்லை.

நான் கப்பல் இயந்திர அறையில் வேலை செய்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்கு வந்தவன். ஒல்லாந்துக்காரர் ஒருவர் நடத்திய சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, என்ன வைக்கலாம் என்று சொல்வது என் பொறுப்பு.

மெல்பேர்னின் ஹோதோர்ன் பகுதியில், டிராம் ஓடும் தெருவிலிருந்து உள்ளே தள்ளி அந்த வீடு இருந்தது. மணியை அடித்தேன். கதவைத் திறந்தவரின் முகம் என்னைக் கண்டதும் மாறிப்போனது.

"நீர்... தமிழோ?"

"ஓம் அண்ணை."

அவர் சந்தோஷப்படவில்லை. கதவை முழுதாகத் திறக்கவுமில்லை. அப்போது மெல்பேர்னில் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு பெரிய வரவேற்பறைக்குள் இருத்திவிடலாம். யார் வீட்டில் என்ன சமையல் என்பதுகூட ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் வேண்டுமென்றே வெள்ளைக்காரர் பெயர் உள்ள நிறுவனமாகப் பார்த்து அழைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவர் பெயர் சபாநாதன். அரசாங்க அலுவலகமொன்றில் கணக்காளர். மனைவி மங்கை. மங்கையக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் வாசற்படியில் நின்றார்.

"எங்களுக்குச் சின்ன மின்சாரத் தாங்கி ஒண்டே போதும், அது காணும் தம்பி," என்றார் சபாநாதன். "இருக்கிறதுக்குள்ளயே சின்னன்."

"வீட்டில எத்தினை பேர் அண்ணை?"

"மூண்டு பேர். நாங்கள் ரெண்டு பேரும், என்ர தங்கச்சியும்."

மூன்று பேருக்கு ஆகச் சிறிய தாங்கி போதாது. இரவில் மட்டும் சூடேறும் மின்சாரத் தாங்கி அது. காலையில் இருவர் குளித்தால் மூன்றாமவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். அதைச் சொன்னேன். அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எண்ணெய்ச் செலவைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்ன செலவு பத்துப் பேர் வாழும் விடுதிக்குரியதாக இருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வீட்டின் உள்ளே எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் குடித்து முடித்த பிறகும் ஓடியது. எங்கள் தொழிலில் காது முதலில் போகும் இடம் அதுதான்.

"எங்கயோ பைப் ஒழுகுது போல," என்றேன்.

மங்கையக்கா கணவரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார்.

"ஒழுகேல்லை," என்றார் மங்கையக்கா. "மச்சாள் குளிக்கிறா."

நான் நம்பவில்லை. குளியலுக்கு அப்பால் வேறெங்கோ ஒரு கசிவு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். சபாநாதன் பின்னால் வந்தார்.

கீழே பொயிலர் இரைந்துகொண்டிருந்தது. நல்ல இயந்திரம், ஆனால் வயதாகிவிட்டது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. குழாய்களைப் பின்தொடர்ந்து பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. வால்வுகளெல்லாம் தூசியும் பச்சைக் களிம்புமாக, பல வருடங்களாக யாரும் தொடாதவையாக இருந்தன, ஒன்றைத் தவிர. செப்புச் சுருளுக்குத் தண்ணீர் விடும் வால்வின் கைப்பிடி மட்டும் புதுக் காசுபோலப் பளபளத்தது. ஒரு மனிதக் கை தினமும் தொட்டால்தான் பித்தளை அப்படி மினுங்கும்.

"அண்ணை, இதை ஆர் திருகிறது?"

மேலே தண்ணீர் இன்னும் ஓடியது. அந்நியன் ஒருவன் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தாங்க முடியாமல் போயிருக்க வேண்டும். கையை நீட்டி அந்த வால்வைச் சட்டென்று மூடினார். பழகிய கை. மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பிறகு நிலவறைப் படியில் இருந்துகொண்டு சொன்னார்.

தங்கை இராசமலர் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் இரசாயன ஆசிரியையாக இருந்தவர். இங்கே வந்த பின்னர்தான் தொடங்கியதாம். முதலில் கை கழுவுவது. பிறகு குளிப்பது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் குளிப்பு, தபாலைத் தொட்டால் குளிப்பு. ஒரு தரம் குளித்து முடித்தால் அது சரியாக நடக்கவில்லை என்று மறுபடியும் தொடக்கத்திலிருந்து குளிப்பு. தோல் உரிந்து இரத்தம் கசிந்தாலும் நிறுத்த முடிவதில்லை.

"சொல்லிப் பாத்தம். கெஞ்சிப் பாத்தம். ஏசியும் பாத்தம். கடைசியா இதைத்தான் பூட்டுறன். தண்ணி இல்லாட்டி வெளியில வரத்தானே வேணும்? அவவைக் கொடுமைப்படுத்திறன் எண்டு நினைக்காதேயும். எனக்கு வேற வழி தெரியேல்லை. சின்னத் தாங்கி எண்டால் நான் இந்தப் பாவத்தைச் செய்யத் தேவையில்லைத்தானே?"

அவர் சின்னத் தாங்கி கேட்ட காரணம் அது.

மேலேயிருந்து குரல் கேட்டது. சத்தம் போடும் குரல் அல்ல. "அண்ணா, திறவுங்கோ. ஒருக்கா மட்டும். சவர்க்காரம் இன்னும் போகேல்லை. கடைசியா ஒருக்கா, அண்ணா."

சபாநாதன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்போதுதான் குழாய் டிக், டிக் என்று ஒலி எழுப்புவது கேட்டது. பொயிலர் எரிந்துகொண்டே இருந்தது. சுருளுக்குள் இருந்த தண்ணீர், பின்னாலிருந்து தள்ளப் புதுத் தண்ணீர் வராததால், அங்கேயே நின்று சூடேறிக்கொண்டிருந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.

தங்கையின் அழுகையைத் தாங்க முடியாமல் சபாநாதன் எழுந்து வால்வில் கை வைத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும் தம்பி. அவ அழுகிறா."

"திறந்தீங்கள் எண்டால் கொதிதண்ணி போய் அவவின்ர கையில விழும்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த நேரமும் இல்லை. எரிப்பானை நிறுத்திவிட்டு, ஒரு கையால் அவரைத் தடுத்தபடியே மேலே பார்த்துக் கத்தினேன்.

"அக்கா! அவவைக் குழாயடியில இருந்து தள்ளி நிக்கச் சொல்லுங்கோ. ஒரு துவாயைச் சுத்திக் குழாயைப் பூட்டுங்கோ. சுடுதண்ணிக் குழாய்!"

மங்கையக்கா ஓடும் சத்தம் கேட்டது. குழாயைப் பூட்டிவிட்டார். ஆனால் இராசமலர் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்றார். உடம்பெல்லாம் சவர்க்காரம். அதோடு வெளியே வர முடியாதாம். பச்சைத் தண்ணீரால் கழுவச் சொன்னால் அது கழுவியதாகாதாம். குழாயைத் திறக்கவே கை போகிறது என்று மங்கையக்கா மேலேயிருந்து கத்தினார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கப்பலில் இருந்த பழக்கத்தில் எனக்கு முதலில் வந்தது கட்டளைதான். "இழுத்து வெளியில கொண்டு வாங்கோ" என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் வழுக்கும் குளியலறையில், அழுதுகொண்டு நிற்கும் ஒரு பெண்ணை இழுத்தால் இன்னொரு விபத்து நடக்கும். அவருக்கு அந்த நிமிடத்தில் வேண்டியிருந்தது புத்திமதி அல்ல, ஒரு வாளி சுடுதண்ணீர்.

"அக்கா, குசினியில கேத்தில் கொதிக்க வையுங்கோ. வாளியில கலந்து கொண்டுபோய்க் குடுங்கோ. கையால பதம் பாத்துக் குடுங்கோ. குழாயை மட்டும் தொட விடாதேங்கோ."

வாளியும் கோப்பையும் போயின. அழுகை அடங்கியது. கோப்பையால் மொண்டு ஊற்றும் சத்தம் வந்தது. எண்ணி எண்ணி ஊற்றும் சத்தம்.

நான் சபாநாதனைத் துணி துவைக்கும் அறைக்கு அழைத்துப்போனேன். அங்கேயிருந்த சுடுநீர்க் குழாயைத் திறந்து வைத்து, விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கீழே போய் வால்வைக் கொஞ்சமாகத் திறந்தேன். நான் ஏறி வந்தபோது தொட்டிக்குள் ஆவி பறக்க, துப்பித் துப்பி, கொதிக்கிற தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அறை முழுக்கப் புகைமண்டலம்போல் ஆகியிருந்தது. சபாநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மங்கையக்கா வாசலில் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"போன மாசம் அவவின்ர மணிக்கட்டில கொப்புளம் வந்தது," என்றார் மெதுவாக. "தண்ணி சுட்டது எண்டு சொன்னவ. எத்தினையோ தரம் சொன்னவ. தேய்ச்சுத் தேய்ச்சு வந்த புண் எண்டு நாங்கள் நம்பேல்லை."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவும் இந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. ஒருவர் தண்ணீர் சுடுகிறது என்றால் முதலில் தண்ணீரைப் போய்ப் பாருங்கள். சொல்கிறவர் யார், அவருடைய தலைக்குள் என்ன கோளாறு என்பதையெல்லாம் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வருத்தக்காரர், நோயாளி என்று பெயர் எடுத்துவிட்ட மனிதர் உண்மையைச் சொன்னாலும் அதுவும் வருத்தத்தின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

இராசமலர் உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். மெலிந்த, களைத்த முகம். கைகள் முழங்கைவரை சிவந்து வெடித்திருந்தன. என்னை நேராகப் பார்த்தார். கதிரையில் இருக்காமல் நின்றார்.

இவ்வளவு நேரமும் தாங்கியைப் பற்றி அந்த வீட்டில் எல்லோரும் பேசியிருந்தோம், அவரைத் தவிர.

"ரீச்சர்," என்றேன் ஆசிரியைக்குரிய மரியாதையோடு, "உங்களுக்கு என்ன மாதிரி வேணும்?"

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். மங்கையக்கா அவர் தோளில் கை வைத்தார்.

"கேட்டா என்ன சொல்லுவன் எண்டு நினைக்கிறீங்கள்?" என்றார் இராசமலர். "முடியாத தண்ணி கேப்பன் எண்டுதானே?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். எரிவாயுவில் ஓட ஓடச் சூடாகும் கருவி அப்போது பிரபலமாகிக்கொண்டிருந்தது. தாங்கி இல்லை, தண்ணீர் தீர்வதே இல்லை.

"அது வேண்டாம். அது வந்தா நான் வெளியிலயே வரமாட்டன். எனக்குத் தெரியும், கை சுத்தமாத்தான் இருக்கு எண்டு. நான் கெமிஸ்ட்ரி படிப்பிச்சனான். தெரிஞ்சு என்ன? தெரியிறது மட்டும் போதாமல் கிடக்கு. ஆனா ஆரும் பூட்டவும் வேண்டாம். அண்ணா பூட்டினா நான் முடிக்கேல்லை, அவர் நிப்பாட்டினது. அப்ப திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேணும்."

"தண்ணி தானா முடிஞ்சா?"

அவர் யோசித்தார். பாடசாலையில் மாணவன் ஒருவன் கேட்ட நல்ல கேள்விக்குப் பதில் தேடுவதுபோல யோசித்தார்.

"தானா முடிஞ்சா... முடிஞ்சதுதானே. அதோட நான் சண்டை பிடிக்க ஏலாது."

நான் அப்போதே முடிவெடுத்துவிட்டேன். எரிவாயுத் தாங்கி. மூன்று பேருக்கு ஒழுங்காக வேண்டிய அளவு, அதைவிடப் பெரிதுமில்லை, தண்டனைபோலச் சிறிதுமில்லை. பொயிலரிலிருந்து சுடுநீரை முற்றாகப் பிரித்துவிடுவது. குளியலறைக்குப் போகும் குழாயில், மருத்துவமனைகளில் வைப்பதுபோல, பச்சைத் தண்ணீரைத் தானாகவே கலந்து விடும் வால்வு ஒன்று. எவ்வளவு நேரம் நின்றாலும் தோல் வேகாது.

வாசலில் வைத்துச் சபாநாதனிடம் சொன்னேன். "நான் தாங்கிதான் வைப்பன் அண்ணை. தாங்கி மருந்தில்லை. அவவை ஒரு டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

"ஆக்களுக்குத் தெரிஞ்சா?"

"என்னட்டை இருந்து ஒருத்தருக்கும் போகாது."

அவர் நம்பினாரா தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த சிக்கல் எங்கள் முதலாளி. வாடிக்கையாளர் சின்ன மின்சாரத் தாங்கி கேட்டார், எங்கள் களஞ்சியத்தில் அது நிறையக் கிடக்கிறது, நீ வேறொன்றை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய், வீட்டுக் குளியலறைக்கு மருத்துவமனை வால்வு எதற்கு என்று கேட்டார். இராசமலரின் வருத்தத்தை நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"நீ குழாய் வேலைக்கு வந்தாயா, பாதிரியார் வேலைக்கு வந்தாயா?" என்றார்.

துணி துவைக்கும் அறையில் பார்த்ததைச் சொன்னேன். சிவப்புக் கோட்டைத் தாண்டிய முள்ளையும், மூடித் திறக்கும் வால்வையும், பழைய கொப்புளத்தையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. மறுநாள் காலை வண்டியில் தானே ஏறி உட்கார்ந்தார். பொயிலருக்குள்ளிருந்த செப்புச் சுருளின் இணைப்பைத் தன் கையாலேயே வெட்டி அடைத்தார்.

தாங்கி வைத்ததும் எல்லாம் நன்றாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் போயின. இராசமலர் தாங்கியைக் காலையில் வெறுமையாக்குவார். மறுபடி சூடேறும்வரை குளியலறை வாசலிலேயே நிற்பார். மங்கையக்கா தொலைபேசியில் என்னைப் பிடித்து, "தம்பி, உம்மட யோசினை சரிவரேல்லை. இவர் திரும்பவும் பூட்டப் போறன் எண்டு நிக்கிறார்" என்றார். கொதிதண்ணீர் விழாது என்பது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதையே சொன்னேன். "ஓம். அது உண்மை" என்றுவிட்டு வைத்தார்.

மங்கையக்காதான் இராசமலரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். முதல் தடவை சபாநாதன் காருக்குள்ளேயே இருந்தாராம், யாரும் கண்டுவிடக்கூடாதென்று. பின்னர் காத்திருக்கும் அறைவரை வந்தார். பின்னர் உள்ளேயும் போனார். மருத்துவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது, அது என் தொழிலுமில்லை. பொயிலரைத் துப்புரவாக்க வருடத்துக்கு ஒரு தடவை போகும்போது வீட்டின் சத்தத்தை மட்டும் கேட்பேன். ஒரு வருடம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வருடம் வானொலி பாடிக்கொண்டிருந்தது. இராசமலரே தேநீர் கொண்டுவந்தார், கையுறை போட்டிருந்தார்.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் ஒருநாள் அலுவலகத்தில் தொலைபேசி எனக்கென்று வந்தது.

"ரீச்சர் கதைக்கிறன்," என்றது குரல்.

பாடசாலை ஆய்வுகூடமொன்றில் வேலை கிடைத்திருந்தது. பாடசாலைக்குப் பக்கத்தில் சிறிய வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தார், தனியாக. அங்கிருந்த சுடுநீர்த் தாங்கி துருப்பிடித்துவிட்டதாம். மாற்றித் தர வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டாராம். எப்படியான தாங்கி வைக்கலாம் என்று கேட்டார்.

நான் வழமையான கேள்விகளைக் கேட்டேன். எரிவாயு இருக்கிறதா, குளியலறை எந்தப் பக்கம். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கிவிட்டுக் கேட்டேன்.

"எவ்வளவு பெரிசு வேணும், ரீச்சர்?"

"ஒரு ஆளுக்கு எவ்வளவு காணுமோ அவ்வளவு."

"சில நாளைக்குத் தண்ணி காணாமல், இடையிலயே முடிஞ்சு போனா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போகும்தான். இப்பவும் சில நாளைக்குப் போகும்," என்றார். "போனா என்ன? துடைச்சுப்போட்டு வேலைக்குப் போவன்."